கோஸ் மணிகளை வளர்க்கும் முறை

இரும்புப் படிகம் அதன் கனசதுர விளிம்புத் திசையில்தான் சுலபமாகக் காந்தமாகும். டிரான்ஸ்ஃபார்மர் தகட்டில் அந்த விளிம்பை உருட்டும் திசையோடு சேர்க்க வேண்டும். அமெரிக்கரான நார்மன் கோஸ் 1934-இல் காப்புரிமை பெற்றது இதற்கான முறைக்குத்தான். உலோகம் சிறு சிறு படிகங்களால் ஆனது, அவற்றைத்தான் மணிகள் என்கிறோம். விளிம்பு அப்படி உருட்டும் திசையோடு சேர்ந்திருக்கும் மணிகள்தான் கோஸ் மணிகள்.

3 சதவீத சிலிக்கான் எஃகில், சுமார் 2 மி.மீ. சூட்டு உருட்டுத் தகட்டை எடுங்கள். அலுமினியம் நைட்ரைடு நுண்துகள் உள்ள ரகமென்றால் ஒரே கட்டமாகக் குளிர் உருட்டில் 0.3 மி.மீ.க்குக் கொண்டுவரலாம். மாங்கனீஸ் சல்பைடு மட்டும் என்றால் நடுவில் ஓர் அனீலிங் (சூடேற்றிப் பதப்படுத்துதல்) தேவை.

அப்புறம் ஈர ஹைட்ரஜனில் சுமார் 830 டிகிரி செல்சியஸ். கார்பன் வெளியேறும், சிறு மணிகள் பிறக்கும். மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) பூசி 1200 டிகிரிக்கு ஏற்றுங்கள். தயவுசெய்து நிதானமாக! எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. நுண்துகள்கள் மணி எல்லைகளைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது, கோஸ் மணிகள் சில மட்டும் முந்திக்கொண்டு அக்கம்பக்கத்து மணிகளை விழுங்கும். துகள்கள் முன்னதாகக் கரைந்தால் எல்லாம் சேர்ந்து வளர்ந்து காரியம் கெடும்.

பூச்சை நீக்கி, நைட்ரிக் அமிலக் கரைசலில் முக்குங்கள். சென்டிமீட்டர் அளவு மணிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். நான் முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பேன். அங்கே பொடி மணிகள் கூட்டமாக இருந்தால், அந்தத் தகட்டை, காந்தமாக்கும்போது வீணாகும் ஆற்றலை அளக்கும் இழப்பு அளவீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.