பெர்லினில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது

பெர்லின் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் நேரே நடைமேடைக்குப் போய்விடலாம். வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வதே அதனால்தான். இயந்திரத்தில் வாங்கிய காகித டிக்கெட்டை, நடைமேடையில் நிற்கும் சிறு பெட்டியில் நுழைத்து நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் வெற்றுக் காகிதம்தான். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் 60 யூரோ அபராதம் போடுவார். 'ஊருக்குப் புதிது' என்ற சமாதானமெல்லாம் எடுபடாது.

டிக்கெட் கட்டணத்துக்காக ஊரை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். விமான நிலையம் 'சி' மண்டலத்தில் இருக்கிறது, அங்கிருந்து வர மூன்றுக்கும் செல்லும் ஏபிசி டிக்கெட் வேண்டும். நகருக்குள் சுற்ற ஏபி போதும். சுற்றுலாப் பேருந்துக்குக் காசைக் கொட்டுவதற்குமுன், 100ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன் இருக்கையைப் பிடியுங்கள். நாடாளுமன்றக் கட்டடமும் வெற்றித் தூணும் சாதாரண டிக்கெட்டிலேயே வழியில் வந்துவிடும்.