இரண்டடிச் செடித்தொட்டி: விளக்கைக் குறைத்துத் தொடங்குங்கள்

மீன்தொட்டிக்குள் நீர்ச்செடி வளர்க்கும் செடித்தொட்டியில் பாசி கண்டதும் பலரும் உரத்தை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான வைத்தியம். வெளிச்சம் எவ்வளவு விழுகிறதோ அந்த வேகத்துக்குச் செடி வளரப் பார்க்கும். அதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் சத்தும் கிடைக்காவிட்டால் இலை நலியும்; நலிந்த இலையில்தான் பாசி ஏறும். அதனால் முதலில் விளக்கு, அடுத்து வாயு, கடைசியில் உரம் என்ற வரிசையில் சரிசெய்ய வேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டிக்கு. கொள்ளளவு 56 லிட்டர். மண்ணும் கல்லும் போக 45 முதல் 50 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும்.

விளக்கில் வாட்டைப் பார்க்காதீர்கள், அது ட்யூப்லைட் காலத்துக் கணக்கு. எல்இடி பெட்டியில் போட்டிருக்கும் லூமெனை, அதாவது வெளிச்ச அளவைப் பாருங்கள். வாயு கொடுக்கும் தொட்டிக்கு லிட்டருக்கு 20 முதல் 30 லூமென், அதாவது மொத்தம் 1000 முதல் 1500 போதும். வாயு இல்லாமல் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன் ஆகிய செடிகளை மட்டும் வைப்பவர்களுக்கு அதில் பாதி. டைமர் மாட்டி, முதல் மாதம் நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் எரிய விடுங்கள்; பிறகும் 8 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். டிம்மர் இல்லாத விளக்கு கண்ணைப் பறித்தால் அரை அடி உயர்த்தித் தொங்கவிடலாம். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

அதிகம் பேர் சறுக்குவது வாயுவில். ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்ட பாட்டிலில் வாயு ஒரு நாள் பொங்கும், மறுநாள் தூங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் இலையில் கறுப்பு முடிபோல ஒட்டும் கரும்பாசிக்கு நல்ல வாய்ப்பு. சிலிண்டர், சொலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) உள்ள அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர், வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு, குமிழ் எண்ணும் பபிள் கவுண்டர், ஒருவழி மட்டும் விடும் செக் வால்வு, வாயுவை நுண்குமிழாக்கும் டிஃப்யூசர் என்று முழு அமைப்பாக வாங்கிவிடுவது நல்லது. செக் வால்வை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லையென்றால் வாயு நிற்கும்போது தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ரெகுலேட்டருக்குள் இறங்கிவிடும்.

அளவு பிடிக்க, தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து 24 மணி நேரம் திறந்து வைத்து பிஎச் (அமில, கார அளவு) பாருங்கள். 7.8 வந்தால், விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் தொட்டியின் பிஎச் 6.8க்கு வந்திருக்க வேண்டும். பிஎச் 1 குறைந்தால் கரைந்த வாயு 10 மடங்கு ஏறியிருக்கிறது என்று பொருள். போர்வெல் தண்ணீர் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இந்த வித்தியாசக் கணக்கு பொருந்தும். கரைந்த வாயுவின் அளவை நிறத்தில் காட்டும் டிராப் செக்கரும் வையுங்கள்; பச்சை நிறம் சுமார் 30 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.). அதில் 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல்தான் ஊற்ற வேண்டும், தொட்டித் தண்ணீரை ஊற்றினால் நிறத்தை நம்ப முடியாது. அது 1 முதல் 2 மணி நேரம் பின்தங்கியே நிறம் மாறும் என்பதையும் மறக்காதீர்கள்.

நொடிக்கு 1 குமிழில் தொடங்கி, 2 நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். விளக்குக்கு 2 மணி நேரம் முன்பு வாயு திறக்கட்டும், விளக்கு அணைவதற்கு 1 மணி நேரம் முன்பு நிற்கட்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே வாயுவை மூடி ஏர் பம்ப் போடுங்கள். கோடையில் இது இன்னும் முக்கியம். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8.3 மி.கி. வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6 மி.கி.தான். தண்ணீர்ப் பரப்பில் ஒரு சின்ன ஃபேன் வீசினால் 2, 3 டிகிரி இறங்கும்; ஆவியாகும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள், இல்லையேல் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இன்னொரு ஆபத்து: சிலிண்டர் காலியாகும் தறுவாயில் அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரின் வெளி அழுத்தம் தானாக ஏறி, மிச்ச வாயுவெல்லாம் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போய்விடலாம். கேஜ் முள் விழத் தொடங்கியதுமே சிலிண்டரை மாற்றுங்கள்.

உரம் இதில் எளிது. விவசாயக் கடையில் 13-0-45 என்று கிடைப்பது பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 500 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரில் முதலாவதில் 20 கிராம், இரண்டாவதில் 2 கிராம் கரையுங்கள். திங்கள், புதன், வெள்ளி 10 மி.லி. வீதம் ஊற்றினால் வாரத்துக்கு நைட்ரேட் 15 பிபிஎம், பாஸ்பேட் 1.7, பொட்டாசியம் 10 சேரும். இரும்பு உள்ளிட்ட நுண்சத்துக் கலவையைத் தனி பாட்டிலில் வைத்து, செவ்வாய், வியாழன், சனி கொடுங்கள். ஒரே பாட்டிலில் சேர்த்தால் இரும்பும் பாஸ்பேட்டும் பிணைந்து அடியில் படிந்துவிடும். பிஎச் 7ஐ ஒட்டிய தண்ணீருக்கு ஈடிடிஏ என்ற சேர்மத்தோடு பிணைத்த இரும்பைவிட டிடிபிஏவோடு பிணைத்த இரும்பு தாங்கும். ஞாயிறன்று பாதித் தண்ணீரை மாற்றினால் மிச்ச உரம் சேராது. 19-19-19 பக்கம் போகவே வேண்டாம், அதிலுள்ள யூரியாவும் அம்மோனியமும் மீனுக்கு ஆகாது.

பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. பழைய இலையில் ஊசித் துளை விழுந்தால் பொட்டாசியம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. கண்ணாடியில் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் வந்தால் பாஸ்பேட்டைக் கூட்டி விளக்கைக் குறையுங்கள். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். 2 வாரம் பொறுத்து, புது இலையைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கெட்ட பழைய இலை தேறாது, வெட்டிவிடுங்கள்.

கரும்பாசி வந்துவிட்டால் வாயுவையும் நீரோட்டத்தையும் சரிசெய்வதுதான் நிரந்தர வழி. ஏற்கெனவே ஒட்டியிருப்பதற்கு, ஃபில்டரை 10 நிமிடம் நிறுத்தி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து பாசி மேலேயே மெதுவாக விடுங்கள். 50 லிட்டருக்கு ஒரு நாளில் 10 மி.லி.க்கு மேல் வேண்டாம். சில நாளில் பாசி சிவந்து செத்துவிடும்; செர்ரி இறால் இருந்தால் மிச்சத்தை அது தின்றுவிடும்.