ஹாட் டப் தண்ணீருக்குக் கிருமிநாசினி: தேர்விலேயே நடக்கும் தவறுகள்

நீச்சல் குளத்துக்கு வாங்கிய குளோரின் மாத்திரை மீதி இருக்கிறதே, அதையே ஹாட் டப் என்ற ஜெட் வைத்த வெந்நீர்த் தொட்டியிலும் போட்டால் என்ன? டப் வாங்கிய பலர் முதலில் செய்வது இதைத்தான். பார்க்க ஒரே தண்ணீர்தான். ஆனால் டப்பில் இருப்பது 1,200, 1,500 லிட்டர். அதுவும் 38 முதல் 40 டிகிரி சூட்டில், ஜெட் காற்றோடு கலந்து கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும். அதில் நாலு பேர் வியர்வையும் லோஷனுமாக இறங்கி உட்கார்ந்தால் குளோரின் மளமளவென்று தீரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் போதும் என்கிறது. ஹாட் டப்புக்கு அது கேட்பது 3. குளோரினுக்குப் பதிலாகப் போடும் புரோமின் என்றால் 4.

அந்தக் குளத்து மாத்திரை பெரும்பாலும் டிரைகுளோர். மெதுவாகக் கரையும், அமிலத்தன்மை அதிகம். சின்ன டப்பில் பிஹெச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) சரசரவென்று இறங்கி, தண்ணீர் ஹீட்டரை அரிக்கும். மாத்திரையை மிதவையில் போட்டு வைத்தால் அது ஓரமாக ஒதுங்கி ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடத்து அக்ரிலிக் வெளுத்துப்போகும். மூடிக்குக் கீழே தேங்கும் ஆவி, தலை சாய்க்கும் மெத்தையைக்கூட விட்டுவைக்காது.

சரி, டைகுளோர் என்ற குளோரின் தூள் வாங்கலாமா? வேகமாகக் கரைகிறது, பிஹெச்சையும் அவ்வளவாகக் குலைக்காது. அதனால்தான் கடைக்காரர்கள் இதை நீட்டுகிறார்கள். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. டைகுளோர் வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால், கூடவே 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது இந்த அமிலத்தின் வேலை. ஆனால் அளவு கூடக்கூட குளோரினின் கையைக் கட்டிப்போடும். குளோரின் தீரும், இது தீராது. தினமும் 3 பிபிஎம் போட்டால் ஒரே மாதத்தில் இது 80ஐத் தொட்டுவிடும். சோதனைப் பட்டை குளோரின் இருக்கிறது என்றே காட்டும், கிருமி மட்டும் சாவகாசமாக வளரும். மூடி போட்டு வைக்கும் டப்புக்கு வெயில் காப்பு எதற்கு? ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் உள்ள குளோரினே வேண்டாம் என்பது சிடிசியின் பரிந்துரை. அனுபவசாலிகள் பலர், புதுத் தண்ணீருக்கு டைகுளோரில் தொடங்கி, அமிலம் 30 பிபிஎம்மை எட்டியதும் வாசனை சேர்க்காத திரவ பிளீச்சுக்கு மாறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தினமும் அளந்து ஊற்றப் பொறுமை உள்ளவர் முதல் நாளிலிருந்தே திரவ பிளீச்சையே பிடித்துக்கொள்ளலாம். பிஹெச் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மூர் பண்ணை வீடுகளிலும் மலை ரிசார்ட்டுகளிலும் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரையே டப்பிலும் கொட்டுவது உண்டு. அதிலுள்ள சுண்ணாம்பு முழுதாகக் கரையாது. தண்ணீர் கலங்கும், ஃபில்டர் அடைக்கும், ஹீட்டரில் வெள்ளையாகப் படியும்.

புரோமின் சூடான தண்ணீருக்கு நல்ல தேர்வுதான். பிஹெச் கொஞ்சம் ஏறினாலும் வேலை செய்யும், வியர்வையோடு சேர்ந்து உருவாகும் சேர்மங்களுக்கும் கிருமியைக் கொல்லும் திறன் மிஞ்சியிருக்கும். ஆனால் "எனக்குக் குளோரின் ஒத்துக்காது, தடிப்பு வருது" என்ற காரணத்துக்காக மாறுவது தவறான கணக்கு. கடைகளில் கிடைக்கும் புரோமின் மாத்திரைகள் பலவற்றில் குளோரினும் உண்டு. அதைவிட முக்கியம், டப்பில் இறங்கி ஓரிரு நாள் கழித்து, நீச்சல் உடை ஒட்டியிருந்த இடத்தில் சிவப்புப் பொரிகள் வந்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் கைவரிசை. அதாவது மருந்து கூடிப்போனதால் அல்ல, குறைந்துபோனதால் வந்தது. மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை'யும் அப்படித்தான். அழுக்கோடு சேர்ந்து செயலிழந்த குளோரின்தான் அப்படி நாறும்.

அடுத்து, 'கெமிக்கல் இல்லாத' டப் என்ற விளம்பரம். ஓசோனும் யுவி விளக்கும் தங்கள் வழியே கடந்துபோகும் தண்ணீரை மட்டும் சுத்தம் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வரும் கிருமியை அங்கேயே தீர்க்க, தண்ணீரில் மருந்து மிஞ்சியிருக்க வேண்டும். வெள்ளி கலந்த மினரல் கார்ட்ரிட்ஜும் துணைக்குத்தான். உப்புத் தண்ணீர் டப் என்பதும் உப்பிலிருந்து குளோரினைத் தயாரிக்கும் ஏற்பாடுதான். 'குளோரின் இல்லாத ஷாக்' (அழுக்கை ஒரே மூச்சில் நீக்கப் போடும் மருந்து) என்று விற்கும் மோனோபெர்சல்ஃபேட் அழுக்கை எரிக்கும். அதைத் தனியாகக் கிருமிநாசினியாக நம்ப முடியாது.

இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் இல்லை. 1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்குக் காட்சியாக வைத்திருந்த டப் ஒன்றின் நீர்த்துளிகள் வழியே நிமோனியா தரும் லீஜியோனெல்லா பாக்டீரியா பரவி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் யாரும் குளிக்கவில்லை. பக்கமாக நடந்து போனவர்கள்தான் மூச்சில் இழுத்தார்கள்.

கடைசியாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது. புரோமின் போட்ட தண்ணீரில் குளோரின் ஊற்றினால், அங்கே தங்கியிருக்கும் புரோமைடு அதையும் புரோமினாகவே மாற்றிவிடும். குளோரினும் புரோமினும் இல்லாத பைகுவானைடு வகைக் கிருமிநாசினியோ குளோரினோடு சேர்ந்தால் பிசுபிசுவென்று திரியும். மாற வேண்டுமானால் குழாய்களைக் கழுவி, தண்ணீரை முழுக்க வடித்து, ஃபில்டரையும் மாற்றிய பிறகே புது மருந்து. பழைய மிதவையில் புது மருந்தை நிரப்புவதும், ஒரே கரண்டியை இரண்டு டப்பாவிலும் விடுவதும் கூடவே கூடாது. டிரைகுளோரும், பிளீச்சிங் பவுடரில் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். காலியான டப்பாவைக் கழுவி வேறு மருந்து போட்டு வைக்கிற பழக்கமும் இங்கே வேண்டாம்.