‘உங்களை ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும்?’: விடையைத் தயாரிக்கும் முறை

நேர்காணலில் இந்தக் கேள்வி வந்ததும், முதன்முறையாக வேலை தேடுபவர்கள் பலர் தங்கள் படிப்பையும் மதிப்பெண்ணையும் குடும்பச் சூழலையும் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவர் அறிய விரும்புவதோ, தம்மிடம் முடியாமல் கிடக்கும் வேலையை நீங்கள் முடித்துத் தருவீர்களா என்பதைத்தான். ஆகவே, விடையை அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், வேலை விளம்பரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய பணிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். மேலே இடம்பெறுவதும் திரும்பத் திரும்ப வருவதும் பெரும்பாலும் அவர்களுக்கு முக்கியமானவை. அவற்றுள் இரண்டு அல்லது மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அடுத்து, ஒவ்வொரு பணிக்கும் எதிரே, அதைப் போன்ற ஒன்றை நீங்கள் செய்து முடித்த ஒரு நிகழ்வை எழுதுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற நான்கையும் வரிசையாகச் சொன்னால் கேட்பவர் எளிதாகப் பின்தொடர்வார். கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்குச் செல்பவர், ‘நான் கடின உழைப்பாளி, எதையும் கவனமாகச் செய்வேன்’ என்று சொன்னால், அதே வாக்கியத்தை அடுத்து வருபவரும் சொல்லக்கூடும். மாறாக, ‘கல்லூரி விழாவின் வரவு செலவு என் பொறுப்பில் இருந்தது, ரசீதுகளை அன்றன்றே எண்ணிட்டுப் பதிந்து, இரவில் கையிருப்புடன் ஒப்பிட்டேன், இரண்டாம் நாள் 450 ரூபாய் குறைந்தபோது, பதியாமல் விடுபட்ட ஒரு ரசீதை அன்றே கண்டுபிடித்தேன்’ என்று சொன்னால், கவனம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே கவனத்தைக் காட்டிவிடலாம். முன் அனுபவம் இல்லையே என்று தயங்க வேண்டாம். கல்லூரித் திட்டப்பணி, பகுதிநேர வேலை, தன்னார்வத் தொண்டு ஆகிய எல்லாமே சான்றுகள்தாம். ஆனால் செய்யாததைச் செய்ததாகச் சொல்லாதீர்கள். அடுத்த கேள்வி அந்த நிகழ்வைத் துருவியே வரும்.

பிறகு, அவர்களுடைய தேவையை ஒரு வாக்கியத்தில் சொல்லி, உங்கள் சான்றுகளை அதனுடன் இணைத்து, ஓரிரு நிமிடங்களுக்குள் அடங்குமாறு பேசிப் பாருங்கள். கைபேசியில் பதிவு செய்து கேட்டால், எந்த இடத்தில் இழுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வரிக்கு வரி மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் தடுமாறும். குறிப்புகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘எனக்கு இந்த வேலை மிகவும் தேவை’ என்பது உண்மையாகவே இருக்கலாம்; அதில் வெட்கப்பட எதுவுமில்லை. எனினும் அது இந்தக் கேள்விக்கு விடையாகாது. மற்ற விண்ணப்பதாரர்களோடு உங்களை ஒப்பிடுவதையும் தவிருங்கள். அவர்களைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது.

கடைசி வாக்கியத்தில், வேலையில் சேர்ந்ததும் எந்தப் பணியை முதலில் கையில் எடுத்துக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்பதைக் கூறிவிட்டு, அங்கேயே நிறுத்துங்கள். அதன்பின் வரும் சில நொடி அமைதி, கேட்டவர் குறிப்பெடுக்கும் நேரமாகவும் இருக்கலாம். அதைச் சொற்களால் நிரப்பாமல் அடுத்த கேள்விக்காகக் காத்திருங்கள்.