நியூயார்க்கில் கோஷர் உணவகத்துக்கு முதல்முறை போகிறீர்களா? தயிர்சாதத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஓய்வுபெற்றபோது விருந்து ஏற்பாடு என் தலையில் விழுந்தது. அவர் கோஷர் என்ற யூத மத உணவு விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடிப்பவர். நான் கும்பகோணத்துக்காரன். மடி, ஆசாரம், பத்துப்பாத்திரம் எல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பெயரில் யூத வாடை அடிக்கும் ஓர் உணவகத்தில் பன்னிரண்டு பேருக்கு இடம் பிடித்தேன். அவர் முகவரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நான் வந்து தண்ணீர் குடிக்கிறேன்" என்றார். அதுவும் காகிதக் குவளையில்.

அன்று தொடங்கிய பாடம். இப்போது மாதம் ஒருமுறையாவது கோஷர் கடைகளில் சாப்பிடுகிறேன், ரொட்டி வாங்குகிறேன். நான் இடறிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் கடைகள் அடைத்துவிடும். யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள் அப்போதே தொடங்கிவிடுகிறது. சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் திரும்பத் திறக்கும், திறந்தால். டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைவதால் வெள்ளி மதியமே பல கடைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் குளிர்காலச் சனி இரவுகளில் பீட்சா கடைகளில் கூட்டம் அள்ளும். ஜூனில் எட்டரைக்குத்தான் மறைவு. சனிக்கிழமை இரவு ஒன்பதே காலுக்கு மேல்தான் ஓய்வுநாள் முடியும் என்பதால் அன்று வெளிச்சாப்பாட்டை நம்பாதீர்கள்.

இதற்கு நான் நம்புவது ஹெப்கால் என்ற இணையதளம். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் ஓய்வுநாளுக்கு விளக்கேற்றும் அந்த வார நேரத்தைச் சொல்லும். சூரிய மறைவுக்கு 18 நிமிடம் முன்னால் என்பது இங்கே வழக்கம். வரைபடச் செயலிகளில் 'திறந்திருக்கிறது' என்று பச்சை எழுத்தில் வருவதைப் பண்டிகை நாட்களில் நம்பி நான் கெட்டிருக்கிறேன். ஒரு போன் போட்டுக் கேட்பது இன்றைக்கும் எல்லாச் செயலிகளையும்விடச் சிறந்தது.

படி 2: கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்

யூத உணவு வேறு, கோஷர் உணவு வேறு. 1888 முதல் நடக்கும் புகழ்பெற்ற கேட்ஸ் டெலிகடெசென் கோஷர் கடை அல்ல. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ரூபன் சாண்ட்விச் அங்கே கிடைக்கும். அந்தச் சேர்க்கையே கோஷர் சமையலில் கிடையாது. ருசிக்காகப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கோஷர் பார்க்கும் நண்பரை மட்டும் கூட்டிப்போகக் கூடாது.

உண்மையான கோஷர் கடையில் கதவிலோ கல்லாவுக்குப் பின்னாலோ ஒரு சான்றிதழ் இருக்கும். எந்த ரப்பி (யூத மதகுரு) அல்லது எந்த அமைப்பு மேற்பார்க்கிறது, எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊரில் உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டி மாலை போட்டுவிட்டு மறந்துவிடுவோம். இங்கே வாடிக்கையாளர்கள் நின்று தேதியைப் படிக்கிறார்கள்.

ஒரு சான்று எல்லோருக்கும் போதும் என்று நினைக்காதீர்கள். 1954-இல் தொடங்கி, 2007 முதல் 33-ஆம் தெருவில் இருக்கும் செகண்ட் அவென்யூ டெலி கோஷர்தான். ஆனால் சனிக்கிழமையும் திறந்திருக்கும் என்பதால் ஆசாரமான பலர் அங்கே சாப்பிடுவதில்லை. ஆகவே விருந்தினரிடம் "இந்தக் கடை கோஷரா?" என்று கேட்பதில் பயனில்லை. "உங்களுக்கு எந்தச் சான்று சரிப்படும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி முதலிலேயே தெரிந்திருந்தால் பன்னிரண்டு பேர் முன் எனக்கு அசடு வழிந்திருக்காது.

படி 3: இறைச்சிக் கடையா, பால் கடையா?

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாது என்று யூதர்களின் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்த விதிகளின்படி இறைச்சியும் பாலும் ஒரே சமையலில், ஒரே பாத்திரத்தில், ஒரே வேளையில் சேரக் கூடாது. அதனால் உணவகமே இரண்டு சாதி. இறைச்சி பரிமாறும் கடையை 'ஃப்லைஷிக்' என்பார்கள், பால் பண்டங்கள் பரிமாறும் கடையை 'மில்ஷிக்' என்பார்கள். இரண்டிலும் சேராத காய், பழம், தானியம், முட்டை, மீன் எல்லாம் 'பாரெவ்'.

இறைச்சிக் கடையில் வெண்ணெய், நெய், தயிர், பாலாடைக்கட்டி எதுவும் கிடையாது. சாப்பிட்டு முடித்து நான் வழக்கம்போலப் பால் காபி கேட்டேன். பரிசாரகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, எண்ணெயில் செய்த ஏதோ ஒரு வெள்ளைத் திரவத்தைக் கொண்டுவந்து ஊற்றினார். அதைக் காபி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடுங்காபி கேளுங்கள், அல்லது வெளியே வந்து குடியுங்கள். கூட வந்த நண்பருக்கு அதுவும் முடியாது. இறைச்சி சாப்பிட்ட பின் பால் தொட அவர் ஆறு மணிநேரம் காத்திருப்பார்.

இதுவாவது சின்ன ஏமாற்றம். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. வெளியே எங்கே போனாலும் அவளுக்கு ஒரு டப்பாவில் தயிர்சாதம் போகும். புரூக்ளினில் ஓர் இறைச்சி உணவகத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மேசையில் இருந்த அவர்களுடைய கரண்டியாலேயே ஊட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது வாயில் தாடி வைத்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். உரிமையாளர் என்று நினைத்தேன். மஷ்கியாஹ், அதாவது சமையலறையை மேற்பார்க்கவே நியமிக்கப்பட்டவர். சத்தம் போடவில்லை. இரண்டே கேள்விகள்.

"இது பால் சேர்ந்ததா?"

"ஆமாம், தயிர்."

"சூடாக இருக்கிறதா, ஆறியதா?"

ஆறியது என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது. கரண்டியைக் காகிதத்தில் சுற்றித் தனியாக எடுத்துப்போனார், மேசைவிரிப்பை மாற்றச் சொன்னார், டப்பாவை மூடிப் பைக்குள் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். சூடு ஏன் முக்கியம் என்று பிறகு நண்பரிடம் கேட்டேன். சூட்டில்தான் ஒன்றின் சாரம் பாத்திரத்துக்குள் இறங்கும் என்பது கணக்காம். என் பாட்டி எச்சில் கையால் தொட்ட பாத்திரத்தைத் தனியே கவிழ்த்துவைத்த அடுக்களை நினைவுக்கு வந்தது. அவளுக்கும் இதேபோல் ஒரு கணக்கு இருந்தது, நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இறைச்சிக் கடை என்றில்லை, பால் கடைக்கும் இதே விதிதான். வெளிச்சாப்பாடு எதையும் உள்ளே திறக்காதீர்கள். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்க வேண்டுமானால் முன்னதாகச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சைவர்களுக்கு என் பரிந்துரை, யோசிக்காமல் பால் கடைக்குப் போங்கள். பீட்சா, பாஸ்தா, ஃபலாஃபெல், நல்ல காபி எல்லாம் கிடைக்கும். கோழித்துண்டு விழுந்துவிடுமோ என்ற பயம் கிடையாது, ஏனென்றால் கோழி அந்தச் சமையலறை வாசலையே தாண்டாது. ஆனால் மீன் தாண்டும். டூனாவும் சால்மனும் பால் கடைகளில் சர்வசாதாரணம்.

படி 4: உட்கார்ந்த பிறகு

கழிப்பறைக்கு வெளியே, கூடத்திலேயே ஒரு கைகழுவும் தொட்டியும் இரண்டு கைப்பிடி வைத்த ஒரு குவளையும் இருக்கும். ரொட்டி சாப்பிடும் முன் சடங்காகக் கைகழுவ அது. நீங்கள் செய்யத் தேவையில்லை. ஒருமுறை அங்கே நின்றவரிடம் "வரிசை இதுதானா?" என்று கேட்டேன். "உம்ம், உம்ம்" என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். என்ன திமிர் என்று நினைத்தேன். கைகழுவி ஆசி சொன்னதிலிருந்து ரொட்டியை விழுங்கும்வரை பேசக் கூடாதாம். ஒரு வாய் தின்றதும் என் மேசைக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

சில கடைகளில் 'வடிகட்டிய தண்ணீர்' என்று எழுதியிருப்பார்கள். 2004-இல் நகரின் குழாய்த் தண்ணீரில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீர்வாழ் உயிரிகள் இருப்பது பெரிய விவாதமானது. இறால், நண்டு போல ஓட்டுடலி வகை உயிரி, ஆகவே கோஷர் அல்ல. இதே காரணத்தால்தான் கீரைகளையும் புரொக்கோலியையும் விளக்கொளியில் வைத்துப் பூச்சி பார்க்கிறார்கள். கீரையில் இவ்வளவு அக்கறை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

விலை அதிகம். புலம்பாதீர்கள், காரணம் இருக்கிறது. அறுப்பவர் தனிப் பயிற்சி பெற்றவர். விலங்கின் பின்பாதியை இங்கே பெரும்பாலும் எடுப்பதில்லை. இறைச்சியை அரைமணி ஊறவைத்து, ஒருமணி நேரம் உப்பில் கிடத்தி, அலசி எடுக்க வேண்டும். 'கோஷர் உப்பு' என்று கடையில் விற்பதும் இந்த வேலைக்கான பரல் உப்புதான், மந்திரித்தது ஒன்றுமில்லை. மேற்பார்வையாளர் சம்பளம், வருடம் முழுக்க வெள்ளி இரவும் சனியும் பண்டிகைகளும் அடைப்பு, எல்லாம் உங்கள் ரசீதில்தான் வந்து உட்காரும்.

படி 5: பேக்கரி

எனக்குப் பிடித்த பகுதி. உணவகத்துக்குப் போக யோசிப்பவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள். பரோ பார்க்கில் 13-ஆவது அவென்யூ, வில்லியம்ஸ்பர்க்கில் லீ அவென்யூ, மிட்வுட்டில் அவென்யூ ஜே, குவீன்ஸில் மெயின் தெரு. வியாழன் மாலையோ வெள்ளி காலையோ போனால் பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி சூடாகக் கிடைக்கும். கூட்டமும் கிடைக்கும். உள்ளே நுழைந்ததும் எண் சீட்டுக் கிழிக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டு எடுக்காமல் இருபது நிமிடம் மரியாதையாக நின்றவன் நான்.

சின்னப் பலகாரங்கள் பவுண்டுக் கணக்கு. "ருகெலஹ் இரண்டு" என்றேன், இரண்டு பவுண்டு, ஏறக்குறைய 900 கிராம், பெட்டியில் கட்டிக் கையில் கொடுத்தார்கள். வருத்தமில்லை. ஆனாலும் ருகெலஹ்வைவிடச் சாக்லேட் பாப்கா என்ற இனிப்பு ரொட்டியே என் கட்சி. கூகெல் என்று ஒன்று இருக்கிறது, தேடுபொறி அல்ல, நூடுல்ஸிலோ உருளைக்கிழங்கிலோ செய்து ஓவனில் சுட்டெடுக்கும் ஒரு பண்டம். உருளைக்கிழங்குக் கூகெலை ஊறுகாயோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

பேக்கரிப் பண்டங்கள் பெரும்பாலும் பாரெவ். இறைச்சி விருந்துக்குப் பின்னும் சாப்பிட வேண்டுமே. வெண்ணெய் இல்லாமல் இவ்வளவு மென்மையாகச் செய்வது தனிக் கலை. பாலாடைக்கட்டி வைத்தவை தனித் தட்டில், தனிக் குறியோடு இருக்கும். உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால் ஒரே பெட்டியில் கலந்து போடச் சொல்லாதீர்கள்.

ஹசிதியர் என்ற ஆசாரமான யூதப் பிரிவினரின் கடைகளில் பெண்கள் நீட்டும் பணத்தைச் சில ஆண்கள் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்வார்கள். அவமதிப்பு அல்ல, அவர்கள் ஒழுக்கம். குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள்.

படி 6: கோஷர் நண்பருக்கு விருந்து

உங்கள் வீட்டு முறுக்கு எவ்வளவு சுத்தமானாலும் அவரால் சாப்பிட முடியாது. உங்கள் வாணலி கோஷர் அல்ல. முழுப் பழம் கொடுக்கலாம், அல்லது கோஷர் முத்திரை உள்ள பிரிக்காத பொட்டலம். இந்தியாவில் இருந்து வரும் சில பொட்டலங்களிலும் வட்டத்துக்குள் 'யூ' எழுத்து என்ற அந்த முத்திரையைப் பார்க்கலாம்.

கடைசியில் என் மேசைக்காரருக்கு விருந்து தோசையில் முடிந்தது. லெக்சிங்டன் அவென்யூவில் 28-ஆம் தெருப் பக்கம் கோஷர் சான்று பெற்ற தென்னிந்திய சைவ உணவகங்கள் பல காலமாக நடந்துவந்தன. இறைச்சியே இல்லாத அடுக்களையில் பால் பிரச்சினை எழாது. ஆனாலும் அடுப்பை ஒரு யூதர் பற்றவைக்க வேண்டும், காய்கறியில் பூச்சி பார்க்க வேண்டும் என்ற விதிகள் அங்கும் உண்டு. சான்றின் பெயரை அவரிடமே முதலில் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். தலையில் கிப்பா என்ற யூதக் குல்லாயோடு பக்கத்து மேசையில் ஒருவர் சாம்பாருக்கு இரண்டாம் முறை கை நீட்டியதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

பின்சேர்க்கை 1: பொட்டலத்தில் வட்ட 'யூ' பக்கத்தில் 'பி' இருந்தால் பாரெவ் என்று இரண்டு வாசகர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, அது பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு ஏற்றது என்ற குறி. 'டி' என்றால் பால். எந்த வட்டமும் இல்லாமல் வெறும் 'கே' எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை 2: முட்டையும் தொடாத சைவர் ஒருவர் பாரெவ் கேக் வாங்கிவிட்டு வருந்தி எழுதியிருந்தார். பாரெவ் என்றால் சைவம் அல்ல, முட்டையும் மீனும் அதில் அடக்கம். 'தண்ணீர் ஹல்லா' என்று கேளுங்கள், மேலே முட்டை பூசியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கோதுமை போன்ற ரை தானிய ரொட்டி பெரும்பாலும் முட்டையில்லாமல் கிடைக்கும்.

பின்சேர்க்கை 3: கோடையில் இறைச்சிக் கடைக்குப் போனால் மீன் மட்டும்தான் இருக்கிறது என்றார் இன்னொருவர். எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைத்து நோன்பிருக்கும் நாளோடு முடியும் ஒன்பது நாட்கள் அவை. ஜூலை, ஆகஸ்டில் வரும். வார நாட்களில் இறைச்சி கிடையாது.

பின்சேர்க்கை 4: பஸ்காவின் எட்டு நாளும் பேக்கரிகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், மாவு புளிக்கும் பண்டம் எதுவும் கூடாது. பண்டிகை முடிந்த இரவு பீட்சா கடை வாசல்களில் வரிசை தெருமுனை வரை நீளும். சென்ற முறை மகளோடு அதில் நின்றேன். அவளுக்கு இப்போது பதினொன்று. கையில் டப்பா எதுவும் இல்லை.