ஹோம் தியேட்டர் ரிசீவர்: வாங்கும்போதும் பொருத்தும்போதும் நேரும் தவறுகள்

வீட்டில் ஹோம் தியேட்டர் அமைக்க முடிவு செய்பவர்களில் பலர் முதலில் ரிசீவரை வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஸ்பீக்கர் தேடுகிறார்கள். முதல் தவறு இதுதான். பின்னால் வரும் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. பொதிந்து வரும் ஒலியைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய பங்கை உரிய நேரத்தில் போதிய மின்திறனோடு அனுப்புவதே ரிசீவரின் வேலை. ஒலியை எழுப்புவது ஸ்பீக்கர். அதைக் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும், வழியில் கெடுப்பதும் அறை. ஆகவே அறையை அளந்து, அதற்குப் பொருந்தும் ஸ்பீக்கர்களை முடிவு செய்து, அவற்றைச் சிரமமின்றி இயக்கக்கூடிய ரிசீவரைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே முறையான வரிசை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பி வாங்குவது இன்னும் பரவலான தவறு. ‘ஒரு சேனலுக்கு 150 வாட்’, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிப்பாதைக்கு 150 வாட், என்று இருந்தால், அது எந்த நிலைமையில் அளந்த எண் என்பதை விவரக்குறிப்பின் சிறிய எழுத்துகளில் தேடிப் படிக்க வேண்டும். 6 ஓம் சுமையில் (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குத் தரும் தடையே ஓம் கணக்கில் சொல்லப்படுகிறது), 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில், ஒரு சேனலை மட்டும் இயக்கி, 10 சதவீதச் சிதைவை அனுமதித்து அளந்தால் எண் பெரிதாகத்தான் வரும். ஆனால் 10 சதவீதச் சிதைவு காதைக் குத்தும் ஒலி; அந்த அளவில் யாரும் படம் பார்ப்பதில்லை. நாம் ஒப்பிட வேண்டியது 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள் சேர்ந்து இயங்கும்போது, 0.1 சதவீதத்துக்கும் குறைவான சிதைவில் கிடைக்கும் எண்ணைத்தான். முதல் கணக்கில் 150 என்று சொல்லிக்கொள்ளும் கருவி இரண்டாவது கணக்கில் 80 வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது வழக்கமானது. எல்லாச் சேனல்களும் ஒரே மின்வழங்கியைப் பகிர்வதால், ஐந்து சேனல்களும் ஒன்றாக முழங்கும் காட்சியில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இன்னும் குறையும்.

இதனால் யாரும் கலங்க வேண்டியதில்லை, ஏனெனில் வீட்டுக்குத் தேவைப்படும் வாட் நாம் நினைப்பதைவிடக் குறைவு. மின்திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு மின்திறன் வேண்டும். ஆகவே 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் இடையிலான வித்தியாசம் 1 டெசிபல் மட்டுமே. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பார்ப்பது பயன் தரும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும்போது 85 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் தருவதை வாங்கினால், அதே ஒலிக்கு நான்கில் ஒரு பங்கு மின்திறன் போதும். 4 ஓம் ஸ்பீக்கர்கள் மட்டும் விதிவிலக்கு. அவை அதிக மின்னோட்டத்தை இழுப்பதால், உங்கள் ரிசீவர் 4 ஓம் சுமையைத் தாங்கும் என்று அதன் கையேடு வெளிப்படையாகச் சொன்னாலன்றி இணைக்கக் கூடாது.

சேனல் எண்ணிக்கையிலும் குழப்பம் உண்டு. 7.2 என்றால் ஏழு ஆம்ப்ளிஃபயர் சேனல்கள், இரண்டு சப்வூஃபர் (கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) இணைப்புகள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அந்த இரண்டிலும் ஒரே சிக்னல்தான் வரும். 5.1.2 என்பதில் கடைசி எண், தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போலக் கேட்க வைக்கும் டால்பி அட்மாஸ் முறையின் உயர ஸ்பீக்கர்களைக் குறிப்பதால், அதற்கும் ஏழு சேனல்கள் தேவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒன்பது மலிவான ஸ்பீக்கர்களை நெருக்கி வைப்பதைவிட ஐந்து நல்ல ஸ்பீக்கர்களும் ஒரு நல்ல சப்வூஃபரும் வைப்பது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ரிசீவரை மலிவாக வரவழைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். செல்போன் சார்ஜரைப் போல எல்லா வோல்டேஜையும் ரிசீவர் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான ரிசீவர்களில் உள்ள கனத்த டிரான்ஸ்ஃபார்மர் விற்கப்படும் நாட்டின் வோல்டேஜுக்கென்றே சுற்றப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த வோல்டேஜைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டதில், ஒரு பாட்டுகூடக் கேட்காமலேயே புதுக் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக நேர்ந்தது. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டுக்கு மட்டுமே செல்லும்.

இணைப்புகளில் நேரும் தவறு சத்தமில்லாமல் நடப்பதால் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது. டிவியிலும் செட்டாப் பாக்ஸிலும் ஒலி வெளியீடு ‘பி.சி.எம்.’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்று விடப்பட்டிருந்தால், ரிசீவருக்கு வந்து சேருவது பெரும்பாலும் இரண்டு சேனல்தான். ரிசீவர் அதையே ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பரப்பித் தருவதால், வீட்டுக்காரர் சரவுண்ட் கேட்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல், டால்பி அட்மாஸ், டி.டி.எஸ். ஆகியவற்றில் ஏதாவது தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதி 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்தது. ஓ.டி.டி. செயலிகளின் டால்பி டிஜிட்டல் பிளஸ் அட்மாஸுக்கு அது போதும். ப்ளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்.டி. ஒலி டிவி வழியாக வர, எச்.டி.எம்.ஐ. 2.1 பதிப்போடு அறிமுகமான அதன் மேம்பட்ட வடிவம் இ-ஏ.ஆர்.சி. டிவி, ரிசீவர் இரண்டிலும் இருக்க வேண்டும். பழைய ஆப்டிகல் கேபிள் சாதாரண 5.1 வரைதான் கொண்டுபோகும். நொடிக்கு 120 பிரேம் வேகத்தில் 4கே கேம் ஆடுபவர்கள், ரிசீவர் அதைக் கடத்தாவிட்டால் கேம் கருவியை நேராக டிவியில் செருகிவிட்டு ஒலியை மட்டும் இ-ஏ.ஆர்.சி. வழியாகக் கொண்டுவரலாம், அதற்காகவே விலை உயர்ந்த ரிசீவர் வாங்கத் தேவையில்லை.

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதும் தவறு, ஸ்பீக்கரோடு வரும் நூல் போன்ற வயரை நீட்டி முறுக்கிச் சமாளிப்பதும் தவறு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம். பின்பக்க ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 20 மீட்டருக்கு 0.24 ஓம் ஆகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது பொருட்டல்ல. செம்பு பூசிய அலுமினிய வயரைத் தவிர்த்தால் போதும். முனைகளில் ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் எதுவும் கெடாது. ஆனால் கீழ்ஸ்தாயி மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதப்பது போலக் கேட்கும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகளில் மீண்டும் மீண்டும் காணும் தவறு, நான்கு ஸ்பீக்கர்களையும் கூரையை ஒட்டிய நான்கு மூலைகளில் ஆணியடித்து மாட்டுவது. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காரும் காது மட்டத்தில், நேர்ப்பார்வையிலிருந்து இருபுறமும் 22 முதல் 30 பாகை கோணத்துக்குள் இருக்க வேண்டும். 5.1 அமைப்பில் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 110 முதல் 120 பாகையில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் அமைய வேண்டும். சென்டர் ஸ்பீக்கரை டிவி மேசையின் உள்தட்டில் தள்ளிவைத்தால் வசனம் மேசைக்குள்ளிருந்துதான் வரும். அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முகப்பைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். கூரையில் ஒலியை மோதச் செய்யும் அட்மாஸ் ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான கான்கிரீட் தளம் நன்றாகப் பொருந்தும், சரிந்த ஓட்டுக் கூரை பொருந்தாது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்புவதால், ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் இடையில் தடித்த விரிப்பும் சன்னல்களுக்குக் கனமான திரையும் போட்ட பிறகே மற்றதைப் பற்றி யோசிக்கலாம். பவானி ஜமுக்காளம் விரித்தாலும் உயர் அதிர்வெண்கள் ஓரளவு அடங்கும். கீழ்ஸ்தாயியை அது தொடாது.

ரிசீவரோடு வரும் மைக்கை வைத்துச் செய்யும் தானியங்கி அளவீட்டை அவசரமாக முடிப்பதே எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது, ஏனெனில் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய வசதி அது. ஆடிஸி, ஒய்.பி.ஏ.ஓ., டிராக் என்று பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான். மைக்கைக் கையில் பிடிக்காமல், சோஃபா முதுகின் மேல் வைக்காமல், ஒரு டிரைபாடில் காது உயரத்தில் நிறுத்த வேண்டும். தூரத்தையும் ஒலி அளவையும் பெரும்பாலும் முதல் இடத்து அளவீடே தீர்மானிப்பதால், அது முதன்மை இருக்கையாக இருக்கட்டும். மின்விசிறி, ஏ.சி. இரண்டையும் நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலானாலும் அந்தப் பதினைந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடுக்களையில் குக்கர் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்வதும் நல்லது.

அளவீடு முடிந்ததும் முடிவுகளைப் பார்வையிட வேண்டும். சப்வூஃபர் இருக்கும்போது முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று பதிவாகியிருந்தால் அவற்றை ‘ஸ்மால்’ ஆக மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது கீழ்ஸ்தாயியைச் சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்பும் எல்லை அதிர்வெண்ணை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம். இதனால் கனமான கீழ்ஸ்தாயி வேலை சப்வூஃபருக்குப் போய், ரிசீவரின் சுமையும் குறைகிறது. சப்வூஃபரின் சொந்தக் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் விட வேண்டும், இல்லையேல் ஒரே ஒலி இருமுறை வடிகட்டப்படும். சப்வூஃபர் இரண்டு மீட்டர் தள்ளியிருக்க, திரையில் நான்கு மீட்டர் என்று காட்டினால் அதைத் திருத்தக் கூடாது. சப்வூஃபரின் உள்ளிருக்கும் மின்சுற்றுகள் உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் அப்படிக் கணக்கிட்டிருக்கிறது.

ரிசீவரின் மேல் செட்டாப் பாக்ஸை அடுக்குவதும், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அதைப் பூட்டிவைப்பதும் நம் வெயிலில் அதன் ஆயுளைக் குறைக்கும். கையேடு சொல்லும் இடைவெளியை மேலும் பக்கங்களிலும் விட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சண்டைக் காட்சியில் வீடு அதிர்ந்து, வசனம் மட்டும் காதில் விழவில்லையென்றால், மொத்த ஒலியைக் கூட்டாமல் சென்டர் சேனலின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்திப் பாருங்கள். இரவில் பார்ப்பவர்கள் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வித்தியாசத்தை (டைனமிக் ரேஞ்ச்) சுருக்கும் ‘நைட்’ வசதியையும் போட்டுக்கொள்ளலாம்.