குப்பை மின்நிலையக் கொதிகலன்: குழாய்க்கு உலோகம் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்

குப்பையை எரிக்கும் கொதிகலனில் குழாய்களைத் தின்பது பெரும்பாலும் குளோரின். பிவிசி பிளாஸ்டிக்கிலும் மிச்ச உணவின் உப்பிலும் அது இருக்கிறது. இதைத் தெரிந்திருந்தும் பலர், "நல்ல உலோகக்கலவை எது?" என்றே முதலில் கேட்கிறார்கள். குழாயின் மேற்பரப்பு எத்தனை டிகிரியில் இருக்கும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

உள்ளே தண்ணீர் கொதிக்கும் உலைச் சுவர்க் குழாயின் வெப்பத்தை நீராவியின் அழுத்தமே பெரிதும் தீர்மானிக்கிறது. 40 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 250 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. 130 பாரில் சுமார் 330 டிகிரியில். குழாய் உலோகம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சுடும். பொட்டாசியம் குளோரைடு தனியாக உருக 770 டிகிரி வேண்டும். குப்பையிலிருந்து வரும் துத்தநாகக் குளோரைடு அதோடு கலந்தாலோ 250 டிகிரிக்குள்ளேயே உருகலாம். அந்த உருகிய உப்பு, குழாயைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். ஆம்ஸ்டர்டாம் நகர ஆலை 2007இல் 130 பார், 440 டிகிரி நீராவியுடன் அதிக மின்சாரம் எடுக்க முனைந்தபோது, உலைச் சுவர்களுக்கு நிக்கல் கலவைக் கவசம் தேவைப்பட்டது. அழுத்தத்தை உயர்த்திவிட்டுப் பழைய எஃகையே வைத்திருப்பது பெரும் பிழை.

அடுத்த தவறு, துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்புவது. அதன் வழக்கமான 304, 316 வகைகளைக் காக்கும் குரோமியம் இங்கே உப்போடு வினைபுரிந்து குரோமேட்டாக மாறிவிடும். ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் அந்த எஃகில் விரிசலும் விழும்.

அலாய் 625 என்ற நிக்கல் கலவை நல்ல தேர்வுதான். நிக்கல் குறைந்தது 58 சதவீதம், குரோமியம் 20 முதல் 23, மாலிப்டினம் 8 முதல் 10. ஆனால் குழாய்மேல் அதை வெல்டிங் செய்து படியவைக்கும்போது அடியிலுள்ள இரும்பும் உருகி மேலே கலக்கிறது. நிக்கலுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரும்பை வாங்குவதற்கு ஒப்பானது இது! மேற்பரப்பில் இரும்பு எவ்வளவு இருக்கலாம், அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். இரும்பின் அளவைக் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியால் பல இடங்களில் சோதியுங்கள். கவசம் முடியும் விளிம்பையும், படிந்த சாம்பலை ஊதி அகற்றும் நீராவி நேரே அடிக்கும் வளைவுகளையும் தவறவிடாதீர்கள்.

சுவருக்குப் பொருந்திய கலவை, நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்த் தொகுதியான சூப்பர்ஹீட்டருக்கும் பொருந்தும் என்று எண்ணவும் கூடாது. உலோகம் 400 டிகிரியைத் தாண்டத் தாண்ட 625 கூட வேகமாக அரிபடக்கூடும்.

ஆலையை நிறுத்தியதும் ஓய்வு என்று நினைப்பவர்களும் உண்டு. குளிர்ந்த உப்புப் படிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, குழாயை அப்போதும் அரிக்கும். நீண்ட நாள் நிறுத்தமென்றால் படிவைச் சுரண்டி எடுத்து, உட்புறத்தை உலர்வாக வைத்திருங்கள்.